ஸ்கேல் கொஞ்ச நாள் பைக்குள்ளேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். 100 சென்டிமீட்டர் 1 மீட்டர், 1000 கிராம் 1 கிலோ என்று எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வாள். போன வாரம் ஒரு பென்சிலைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். ஸ்கேலில் 1 என்று இருக்கும் இடத்தில் பென்சில் முனையை வைத்து 13 என்றாள். 12தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இங்க பாரும்மா, 13ன்னுதானே போட்டிருக்கு" என்று அழுதேவிட்டாள். அவள் தம்பிக்கு நான்கு வயது. இருவருக்கும் ஒரே அளவு பால் கொடுத்தாலும் அக்காவின் ஒல்லி டம்ளரில்தான் அதிகம் இருக்கிறது என்று தினமும் சண்டை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாலையில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அளவுகளைச் சொல்லிக்கொடுக்க ஆன்லைனில் ஒரு பெட்டி விற்கிறார்கள், மூவாயிரம் ரூபாய்க்கு மேல். வாங்கலாமா? அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை வேறு வருகிறது.
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

பெட்டி வேண்டாம். அதற்குள் இருக்கப்போவது வண்ண வண்ணக் கட்டைகள், ஒரு பிளாஸ்டிக் தராசு, கோடு போட்ட நாலு கப். இதையெல்லாம் விட நல்ல சாமான்கள் உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன, அந்த மூவாயிரத்தைப் பிள்ளைகளுக்கு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 13க்கு வருகிறேன். அது கவனக்குறைவு இல்லை, உங்கள் மகள் கணக்கில் மந்தமும் இல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணிதப் பயிற்சி கொடுப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன்: இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எதற்குள் போனாலும் இந்த 13ஐச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். அவள் தரப்பிலிருந்து பாருங்கள், பென்சில் முடிகிற இடத்தில் 13 என்று அச்சடித்திருக்கிறது, அம்மா 12 என்கிறாள், எதை நம்புவது? அழுகை வராமல் என்ன செய்யும்.

அவள் எப்படி யோசிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. அதே பென்சிலை நீங்களே எடுத்து ஸ்கேலில் 3 இருக்கும் இடத்திலிருந்து 15 வரை வருமாறு வைத்து, எவ்வளவு நீளம் என்று சும்மா கேளுங்கள். 15 என்றால், முடிகிற இடத்தில் உள்ள எண்ணைப் படிக்கிறாள் என்று அர்த்தம். 3, 4, 5 என்று ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணி 13 என்றால், இன்னும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறாள், ஆனால் கோடுகளை எண்ணுகிறாள். 12 என்றால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை எண்ணுகிறாள், அதுதான் வேண்டியது. எந்தப் பதில் வந்தாலும் சரி தப்பு சொல்லாமல் ஸ்கேலை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

எங்கே கோளாறு என்றால், பள்ளியிலும் வீட்டிலும் நாம் கற்றுக்கொடுப்பது "பூஜ்யத்தில் வை, முடியுற இடத்தில் என்ன எண்ணுன்னு பார்" என்பதைத்தான். அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிடுகிறது. வைக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் பிள்ளைக்குப் பிடி கிடைப்பதில்லை. போதாததற்கு ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும், தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பில் அளவு ஓரத்திலிருந்தே தொடங்கும், ஒன்றில் பழகியது இன்னொன்றில் தப்பாகப் போகும். அளப்பது என்றால் உண்மையில் என்ன? ஒரே அளவுள்ள ஒரு துண்டை, நடுவில் சந்து விடாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அடுக்கி, எத்தனை என்று எண்ணுவது. ஸ்கேல் என்பது இந்த அடுக்கும் வேலையை முன்கூட்டியே செய்து முடித்து வைத்த ஒரு சாமான். அடுக்கிப் பார்க்காத பிள்ளையிடம் முடித்து வைத்ததை மட்டும் கொடுத்தால் அதற்கு எண் மட்டும்தான் தெரியும்.

அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குங்கள், தம்பியையும் சேர்த்துக்கொண்டு. எண்ணே வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோருடைய செருப்பையும் கொண்டுவந்து சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள். தம்பி எப்படி அடுக்குகிறான் என்று கவனியுங்கள், நான்கு வயதில் பெரும்பாலும் விரல் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், குதிகால் பக்கம் ஒன்று முன்னால் ஒன்று பின்னால் இருக்கும். "குதியெல்லாம் சுவத்துல முட்டட்டும்" என்று ஒரு தடவை சுவரோரம் வைத்துக் காட்டினால் போதும். ஒரே இடத்தில் தொடங்கினால்தான் ஒப்பிட முடியும் என்பது அங்கேயே அவனுக்குள் போய்விடும், பின்னால் ஸ்கேலில் பூஜ்யம் என்று படிப்பதற்கு அதுதான் வேர்.

அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க முடியாத சாமான்கள். இந்த பீரோ அந்த அறைக் கதவு வழியாகப் போகுமா? பீரோவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது. மகளிடம் ஒரு பழைய பாவாடை நாடாவைக் கொடுத்து, "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். நாடாவைப் பிடித்து, அகலத்துக்கு முடிச்சுப் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடுகிற யோசனை அவளுக்கே வர வேண்டும், வர ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. அதே நாடாவில் இன்னொன்று: சாதாரண எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசையில் வைத்து, அதன் உயரம் அதிகமா, வாயின் சுற்றளவு அதிகமா என்று எல்லோரையும் கேளுங்கள். பெரியவர்களே உயரம் என்றுதான் சொல்வார்கள். நாடாவைச் சுற்றி எடுத்து உயரத்தோடு வைத்துப் பார்த்தால் சுற்றளவு உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் அளக்காமல் அன்றைக்கு ராத்திரி அவள் தூங்க மாட்டாள்.

இதற்கு அடுத்ததுதான் சாணும் முழமும். திருப்பூரில் பூக்காரம்மா இல்லாத தெரு கிடையாது. இரண்டு முழம் மல்லி வாங்கி வந்து மகளிடம் கொடுத்து, அவள் முழத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் முழம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், ஏழு வயதுப் பிள்ளைக்கு முப்பது சொச்சம்தான் இருக்கும், ஆக அவள் அளந்தால் மூன்றை நெருங்கிவிடும். "ரெண்டு முழத்துக்குக் காசு குடுத்தோம், மூணு முழம் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. என் கை சின்னது, அதனால் நிறைய தடவை வைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவள் வாயால் சொல்ல வேண்டும். சின்ன அளவாக இருந்தால் எண்ணிக்கை கூடும் என்பது பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடாது, மூன்று பெரிது, அதனால் என் பூ நீளம் என்றுதான் முதலில் தோன்றும்.

பிறகு ஒரு நாள், எல்லோர் கையும் வேறு வேறு நீளம் என்றால் ஊரில் எப்படி வியாபாரம் பண்ணுவது என்ற பேச்சை எடுக்கலாம். ராஜராஜ சோழன் காலத்தில் நிலம் அளக்க உலகளந்த கோல் என்று பொதுவான ஒரு கோல் இருந்தது. பழைய கோயில்கள் சிலவற்றில் அளவுகோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் சுவர் சுவராகத் தேடுவார்கள். மீட்டரும் கிலோவும் நமக்குச் சட்டமானது 1956ல், நடைமுறைக்குப் படிப்படியாக வந்து 1960களின் தொடக்கத்தில்தான் நிலைத்தது. வீட்டில் எண்பது வயதைத் தொட்ட தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், வீசை, பலம், சேர் என்ற அந்தக் காலத்து அளவுகளெல்லாம் எப்படி இருந்தன என்று. அந்தப் பேச்சில் கிடைக்கிற விஷயம் எந்தப் பெட்டியிலும் இல்லை.

இனி முக்கியமான வேலை, இதற்கு மட்டும் நாலைந்து மாலைகள் ஒதுக்குங்கள். ஒரே அளவுள்ள காலித் தீப்பெட்டிகள் பத்துப் பதினைந்து சேருங்கள். மேசையின் ஓரத்தை அளக்கச் சொல்லுங்கள். வரிசையாக அடுக்குவாள், எண்ணுவாள், சுலபம். மறுநாள் ஒரே ஒரு தீப்பெட்டியை மட்டும் கொடுத்து அதே மேசையை அளக்கச் சொல்லுங்கள். இப்போது பாருங்கள் அவள் கையை. பெட்டியை வைப்பாள், தூக்குவாள், முன்னால் எங்கே முடிந்தது என்பது மறந்துவிடும், குத்துமதிப்பாக அடுத்த இடத்தில் வைப்பாள். சில பிள்ளைகள் முடிந்த இடத்தில் விரலை வைத்துக்கொள்வார்கள், அடுத்த பெட்டியை விரலுக்கு அந்தப் பக்கம் வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலம் காணாமல் போகும். நேற்று 14 வந்தது, இன்று 12 வருகிறது. நீங்கள் திருத்தாதீர்கள். "நேத்து 14, இன்னைக்கு 12, மேசை சுருங்கிடுச்சா?" என்று மட்டும் கேளுங்கள். மறு முனையிலிருந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாமா என்று அவளே கேட்கும் வரை பொறுத்திருங்கள், கேட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்தச் சாக்பீஸ் கோடுகளைத்தான் அடுத்துக் காகிதத்துக்கு மாற்ற வேண்டும். பழைய காலண்டர் தாளை நீளநீளமாக வெட்டி ஒட்டி ஒரு பட்டை செய்யுங்கள். தீப்பெட்டியை வைத்து வைத்துக் கோடு போட்டு, கட்டங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். வண்ணம் அடிப்பது அழகுக்கு இல்லை, கோட்டை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பார்க்கக் கண் பழகுவதற்கு. கடைசியில்தான் எண், ஒவ்வொரு கட்டமும் முடிகிற இடத்தில் 1, 2, 3. தொடக்கத்தில் என்ன எழுதுவது என்று அவள் முழிப்பாள். "இங்க இன்னும் ஒரு கட்டம்கூட முடியலையே" என்று யோசித்து 0 என்று எழுதினாளானால், ஸ்கேலில் அந்தப் பூஜ்யம் எதற்கு இருக்கிறது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பட்டையை வைத்து வீட்டை ஒரு வாரம் அளக்கட்டும். பிறகு ஒரு நாள், அவள் சம்மதத்தோடு, பட்டையின் முதல் இரண்டு கட்டங்களைக் கிழித்துவிடுங்கள். தொடக்கமே 2 என்று நிற்கும் அந்தக் கிழிந்த பட்டையால் தலையணையை அளந்து சரியான விடை சொன்னாள் என்றால் மறுநாளே ஸ்கேலை வெளியே எடுக்கலாம். சொல்லவில்லை என்றால் மறுபடி தீப்பெட்டி, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எப்போதும் இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன்னால் எவ்வளவு வரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு நோட்டில் எழுதட்டும். அதற்குப் பரிசு, மதிப்பெண் எதுவும் வைக்காதீர்கள், வைத்தால் அளந்துவிட்டு வந்து திருட்டுத்தனமாக எழுதுவார்கள். இன்னொன்று, 12 என்று சொன்னால் "12 என்ன?" என்று கேளுங்கள். 12 தீப்பெட்டியா, 12 சாணா, 12 சென்டிமீட்டரா. இந்த ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரும் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

தம்பியின் பால் சண்டைக்கு வருகிறேன். அவனிடம் எவ்வளவு சொன்னாலும் இப்போது ஏறாது, சொல்லிச் சொல்லி நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். ஆசிரியர் பயிற்சி படித்த எவரிடம் கேட்டாலும் பியாஜே என்ற பெயரைச் சொல்வார்கள், சுவிட்சர்லாந்துக்காரர், பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான பாத்திரத்திலிருந்து ஒல்லியான உயரமான பாத்திரத்துக்கு அவர்கள் கண்ணெதிரே மாற்றினாலும் சின்னப் பிள்ளைகள் உயரமானதில்தான் அதிகம் என்பார்கள் என்று அவர் காட்டினார். பொதுவாக ஆறு ஏழு வயதை ஒட்டித்தான் இது தெளியும், பழக்கத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் பால் நேரத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர் வாங்கிவிடுங்கள், சண்டை ஓயும். பாடத்தைக் குளியலறையில் வைத்துக்கொள்ளலாம். வாளி, குவளை, ஒல்லி பாட்டில், அகலக் கிண்ணம் எல்லாம் கொடுத்து ஊற்றி ஊற்றி விளையாடட்டும், ஊற்றியதைத் திரும்ப ஊற்றினால் பழைய மட்டத்துக்கே வருகிறது என்பதை அவன் கை பலமுறை பார்க்க வேண்டும். பக்கத்திலேயே இருங்கள், நான்கு வயதுப் பிள்ளையைத் தண்ணீர் வாளியோடு தனியாக விடக் கூடாது. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள், மருந்து அளப்பது பெரியவர்கள் வேலை என்பதில் பிள்ளைகளுக்குக் குழப்பமே இருக்கக் கூடாது.

மகளுக்குச் சமையலறை. இட்லிக்கு ஊறப்போடும் நாள் அளப்பது அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். நாலுக்கு ஒன்று போடுகிற வீடாக இருந்தால் நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து. முதல் உழக்கைக் குவித்து அளப்பாள், இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்போதுதான் தலைதட்டி அளப்பதைக் காட்ட வேண்டும். உள்ளங்கையால் மேலே வழித்துவிடும் அந்த ஒரு அசைவில் தீப்பெட்டியில் அவள் பட்ட பாடு எல்லாம் அடங்கியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணுவதற்குப் பொருள் உண்டு. உழக்கு இல்லையென்றால் டம்ளரில் அளக்கலாம், அடுத்த வாரம் வேறு டம்ளரில் அளக்கச் சொல்லுங்கள். டம்ளரை மாற்றினால் இட்லி கெட்டுப்போகுமா என்று அவள் கவலைப்படட்டும், கெடாது, ஏன் கெடவில்லை என்று பேச ஒரு மாலை போதாது. பாட்டி வீட்டில் படியும் ஆழாக்கும் கிடைத்தால் கேட்டு வாங்கி வாருங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இதை மனப்பாடம் பண்ண வைக்காமல் அரிசியைக் கொட்டி எண்ணிப் பார்க்க விடுங்கள். பாதி, கால் என்று நாலாம் வகுப்பில் பின்னம் வரும்போது இது கை கொடுக்கும்.

எடைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்பு மளிகைக் கடையில் தராசுத் தட்டு ஏறுவதையும் இறங்குவதையும் பிள்ளைகள் பார்த்தார்கள், இப்போது மெஷினில் எண் மட்டும்தான் ஒளிர்கிறது. ஆகவே வீட்டில் ஒரு தராசு வேண்டும். துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இரண்டு பையைத் தொங்கவிட்டால் போதும், நேரம் இருந்தால் கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டலாம், ஓட்டை போடுவது நீங்கள். காலியாக இருக்கும்போது சமமாக நிற்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெரிய பொரி பாக்கெட், ஒரு சின்ன உப்பு பாக்கெட், இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து எது கனம் என்று சொல்லிவிட்டு அப்புறம் தராசில். பெரிதாக இருப்பதெல்லாம் கனமாக இருக்காது என்று தம்பிக்கும் இதில் தெரியும். ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை அடிக்கடி தூக்கிப் பழகிய பிள்ளைக்கு ஒரு கிலோ என்றால் என்ன என்று கையே சொல்லும்.

அவள் மனப்பாடம் செய்தது வீண் என்று நினைக்காதீர்கள். சரியாக ஒரு மீட்டருக்கு ஒரு கயிறு வெட்டி ஆணியில் மாட்டி வையுங்கள், வீட்டில் எதெல்லாம் ஒரு மீட்டர் என்று கயிறோடு சுற்றட்டும். கதவுக் கைப்பிடி பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் ஹால் எத்தனை டைல்ஸ் நீளம், எத்தனை டைல்ஸ் அகலம் என்று அவளும் தம்பியும் தாவித் தாவி எண்ணலாம். இதற்கெல்லாம் தனியாக அரை மணி நேரம் தேடாதீர்கள், மாவு அளக்கும்போது, பூ வாங்கும்போது, துணி மடிக்கும்போது, நீங்கள் செய்கிற வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தால் சரி. அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் செய்து பார்த்துக் கற்பதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள், மகள் அங்கே படிக்கிறாள் என்றால் வகுப்பில் என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையே வீட்டில் தொடரலாம்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கிறது, தீப்பெட்டியிலிருந்து காகிதப் பட்டை வரை வர அது போதும். வரவில்லை என்றால் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ஸ்கேலை எடுத்து, பென்சில் முனையை ஒரு கோட்டில் வைத்து, அங்கிருந்து அடுத்த கோட்டுக்கு விரலால் ஒரு தாவல், ஒன்று, இன்னொரு தாவல், இரண்டு என்று எண்ணப் பழக்குங்கள். முதல் கோட்டில் நிற்கும்போது எண்ணக் கூடாது, தாவிய பிறகுதான் ஒன்று. எங்கிருந்து தொடங்கினாலும் விடை சரியாக வரும். ஆசிரியரிடம் போய், நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள் என்று வாதாட வேண்டாம், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தீப்பெட்டி அடுக்க அவருக்கு நேரம் கிடைக்காது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் போனாலும் போகட்டும், முடிந்ததும் காலண்டர் தாளை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.